பி.ஏ.எல். குவேசாரை ரேடியோவில் பார்ப்பதென்றால் எங்கே தொடங்குவது?

ஒளியியல் நிறமாலையைப் பார்த்தாலே வாயு வெளியே பாய்ந்துகொண்டிருப்பது தெரியும் குவேசார்கள் (நடுவில் உள்ள கருந்துளை வாயுவை விழுங்குவதால் ஓங்கி ஒளிரும் தொலைதூர விண்மீன் மண்டல மையங்கள்) ஒரு முப்பது நாற்பது கையில் இருக்கின்றன, அவற்றை ரேடியோவில் பார்க்க வேண்டும், எந்தத் தொலைநோக்கிக்கு விண்ணப்பம் போடலாம்? இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் விஎல்பிஐ என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தள்ளி நிற்கும் ஆண்டெனாக்களைச் சேர்த்து எடுக்கும் படம், கருந்துளைக்குப் பக்கத்திலேயே போய்ப் பார்த்த மாதிரி இருக்கும், ஆசை வராமல் இருக்குமா? ஆனாலும் அதைக் கடைசியில் வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். முதலில் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் சர்வேக்கள், அதிலும் தாழ் அதிர்வெண் சர்வே. அப்புறம் புனே பக்கத்து யூஜிஎம்ஆர்டி, அமெரிக்காவின் விஎல்ஏ ஆகிய ரேடியோ தொலைநோக்கிகள் கொண்டு பல அதிர்வெண்களில் நிறமாலை. அதற்குப் பிறகும் பதில் கிடைக்காத இரண்டு மூன்றுக்குத்தான் விஎல்பிஐ.

காரணங்களுக்குப் போவதற்கு முன் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பி.ஏ.எல். என்பது அகன்ற உட்கவர் கோடுகளைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். (வாயால் சொல்லும்போது 'பால் குவேசார்' என்றுதான் சொல்வேன், எழுத்தில் அப்படிப் போட்டால் பால்வீதியில் இருக்கிறதா என்று யாராவது கேட்பார்கள்.) நடுவில் உள்ள கருந்துளையைச் சுற்றும் தட்டிலிருந்து கிளம்பிய வாயு நம்மை நோக்கி வரும்போது, தனக்குப் பின்னாலிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. மூன்று எலக்ட்ரான் இழந்த கார்பன் 1549 ஆங்ஸ்ட்ராமில் ஒரு கோடு தரும். அந்தக் கோட்டுக்கு நீலப் பக்கம் ஒரு பெரிய பள்ளம் விழுந்திருக்கும். 1991-ல் ரே வேய்மன் குழு வகுத்த அளவுகோலின்படி அந்தப் பள்ளம் விடாமல் நொடிக்கு 2,000 கி.மீ. அகலமாவது இருக்க வேண்டும். சிலவற்றில் வாயுவின் வேகம் ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடும். ஒளியியலில் தேர்ந்தெடுத்த குவேசார்களில் 10 முதல் 20 சதவீதம் இப்படிப்பட்டவை. மக்னீசியம், அலுமினியம் போன்றவற்றின் தாழ் அயனிகளும் பள்ளம் போட்டிருந்தால் லோபால், கார்பன் வகையறா மட்டும் என்றால் ஹைபால்.

சண்டை எங்கே என்றால், ஏன் சிலவற்றில் மட்டும் இந்தப் பள்ளம் என்பதில். எல்லாக் குவேசாரிலும் இந்தக் காற்று வீசுகிறது, நாம் பார்க்கும் கோணம் சரியாக அதன் குறுக்கே அமைந்தால் பள்ளம் தெரியும் என்பது ஒரு கட்சி. இல்லை, குவேசார் இளமையில் தன்னைச் சுற்றியிருக்கும் தூசையும் வாயுவையும் ஊதித் தள்ளும் ஒரு கட்டம் இது, எல்லாக் குவேசாரும் கொஞ்ச காலம் இப்படி இருந்துவிட்டுப் போகும் என்பது இன்னொரு கட்சி. ரேடியோ இரண்டுக்கும் உதவும் என்பதால்தான் உள்ளே வந்தது. ஜெட், அதாவது கருந்துளைப் பக்கமிருந்து பீய்ச்சும் துகள் தாரை, நம்மை நோக்கி இருந்தால் நடுப்புள்ளி ஓங்கி, நிறமாலை தட்டையாக இருக்கும். பக்கவாட்டில் இருந்தால் செங்குத்தாகச் சரியும். அதே போல ரேடியோ கிளம்பும் மூலம் சின்னதாக, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் உச்சம் தொட்டு இரண்டு பக்கமும் இறங்கினால் அது இளசு. இதோடு மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: மங்கலான குவேசார்களில் வரும் ரேடியோ ஜெட்டிலிருந்துதான் வருகிறதா, அல்லது பாயும் வாயுவே சுற்றியுள்ள வாயுவில் மோதி அதிர்ச்சி அலை கிளப்பி, அதில் முடுக்கம் பெற்ற எலக்ட்ரான்கள் ரேடியோவை உமிழ்கின்றனவா? 2014-ல் ஜகாம்ஸ்காவும் கிரீனும் வாயுவின் வேகமும் ரேடியோ பிரகாசமும் சேர்ந்து கூடுவதைக் காட்டிய பிறகு இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. எனக்கு இப்போது சுவாரசியமாகத் தெரிவதும் இதுதான், என் சாய்வு அந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

பழைய கதை ஒன்றும் இங்கே பொருந்தும். 1997 வரை பி.ஏ.எல். குவேசார்கள் எதுவும் ரேடியோவில் ஓங்கி ஒலிப்பதில்லை என்றே நம்பினார்கள். 1992-ல் ஸ்டாக் குழு விஎல்ஏ-யில் தேடிப் பார்த்து அப்படி ஒன்றும் இல்லை என்றது. வாயு வெளியேறினால் ஜெட் இருக்காது என்று அதற்கு விளக்கமெல்லாம் தயாராக இருந்தது. அப்புறம் விஎல்ஏ-யிலேயே எடுத்த ஃபர்ஸ்ட் சர்வே வந்தது, 1997-ல் பெக்கர் குழு ஒன்றைப் பிடித்தது, 2000-ல் அதே குழு 29 பி.ஏ.எல். குவேசார்களின் பட்டியலே போட்டது. இயற்கையின் விதி என்று நினைத்தது, தேடிய மாதிரி போதாததால் வந்தது. எத்தனை பார்த்தோம், எவ்வளவு மங்கல் வரை பார்த்தோம் என்பதுதான் இந்தத் துறையில் திரும்பத் திரும்பக் காலை வாரிவிட்டிருக்கிறது, நான் சர்வேயை முதலில் வைப்பதற்கு அதுவே பெரிய காரணம்.

சரி, சர்வேக்கள். எஸ்டிஎஸ்எஸ் என்ற ஒளியியல் சர்வேயின் 16-வது வெளியீட்டுக் குவேசார் பட்டியலில் 7,50,414 குவேசார்கள், அதில் 99,856 பி.ஏ.எல். என்று குறித்திருக்கிறார்கள். உங்கள் நாற்பதும் அநேகமாக இதற்குள்ளேயே இருக்கும். இதன் மேல் ஒட்டிப் பார்க்க மூன்று சர்வேக்கள் முக்கியம். ஃபர்ஸ்ட்: 1.4 கிகாஹெர்ட்ஸ், 5 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்) பிரிதிறன், 1993-ல் தொடங்கி 2011-ல் முடிந்தது, 1 மில்லி ஜான்ஸ்கி வரை (ஜான்ஸ்கி என்பது ரேடியோ பிரகாசத்தின் அலகு). விஎல்ஏஎஸ்எஸ், விஎல்ஏ-யின் புதிய சர்வே: 2 முதல் 4 கிகாஹெர்ட்ஸ், 2.5 ஆர்க்செகண்ட், 2017-ல் தொடங்கியது, வானத்தின் ஒவ்வொரு பகுதியையும் சுமார் 32 மாத இடைவெளியில் மூன்று முறை பார்ப்பது. லாட்ஸ்: நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோஃபார் தொலைநோக்கியில் 120 முதல் 168 மெகாஹெர்ட்ஸ், 6 ஆர்க்செகண்ட், 2022-ல் வந்த இரண்டாம் வெளியீட்டில் 5,634 சதுர டிகிரி, சுமார் 44 லட்சம் மூலங்கள், இரைச்சல் 83 மைக்ரோ ஜான்ஸ்கி.

இந்த 83-ஐ வெறும் எண்ணாக விட்டுவிடாதீர்கள், ஒரு நிமிடம் கணக்குப் போடுவோம். சாதாரண சிங்க்ரோட்ரான் மூலம் (காந்தப் புலத்தில் சுழலும் வேக எலக்ட்ரான்கள் ரேடியோ உமிழும் மூலம்) ஒன்றின் சரிவு எண், அதாவது அதிர்வெண் ஏற ஏறப் பிரகாசம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று சொல்லும் எண், −0.7 என்று வைத்துக்கொண்டால் 1.4 கிகாஹெர்ட்ஸில் இருப்பதைவிட 144 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 4.9 மடங்கு பிரகாசமாக இருக்கும். லாட்ஸில் இரைச்சலின் ஐந்து மடங்கு, அதாவது 0.4 மில்லி ஜான்ஸ்கி வரை நம்பிப் பிடிக்கலாம். அதை 1.4-க்கு மாற்றினால் 0.085. ஃபர்ஸ்டின் எல்லை 1. ஆக, செங்குத்து நிறமாலை உள்ள மூலத்துக்கு லாட்ஸ் பன்னிரண்டு மடங்கு ஆழம். தட்டை நிறமாலை என்றால் வித்தியாசம் இரண்டரை மடங்குதான். அதிர்ச்சி அலையிலிருந்து வரும் ரேடியோவும் பழைய, பரவலான ரேடியோவும் செங்குத்து வகை, தட்டை என்பது ஜெட்டின் நடுப்புள்ளி. நீங்கள் தேடுவது எது என்று தெரிந்தால் எந்த சர்வேயை முதலில் திறப்பது என்பதும் தெரிந்துவிடும்.

பலனும் கிடைத்தது. 2019-ல் லியா மொராபிட்டோ குழு லாட்ஸின் முதல் வெளியீட்டை வைத்து, 144 மெகாஹெர்ட்ஸில் மற்றக் குவேசார்களைவிட பி.ஏ.எல். குவேசார்கள் தென்படும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று காட்டினார்கள். லோபால் என்றால் ஹைபாலைவிட இன்னும் மூன்று மடங்கு. இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம் வேறு. 1.4 கிகாஹெர்ட்ஸில் ரேடியோ ஓங்க ஓங்க பி.ஏ.எல். குறைந்துகொண்டே போகும், அது பழைய முடிவு. 144-ல் அந்தச் சரிவே இல்லை. இரண்டு அதிர்வெண்களும் இரண்டு வேறு பிறப்பிடங்களைப் பார்க்கின்றனவோ என்ற சந்தேகம் அங்கேதான் வலுத்தது. ஒரு புதிய ஆண்டெனாவையும் கேட்காமல், ஏற்கெனவே இருந்த பட்டியல்களை ஒட்டிப் பார்த்தே இவ்வளவும்.

உங்கள் நாற்பதில் இருபத்தைந்து எதிலும் தென்படவில்லையா? தூக்கிப் போட வேண்டாம். அத்தனை இடங்களின் படத் துண்டுகளையும் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடு மதிப்பு எடுத்தால் இரைச்சல் அடங்கி சராசரிக் குவேசார் எழுந்து வரும். 2007-ல் வைட் குழு 41,295 குவேசார்களை ஃபர்ஸ்டில் இப்படி அடுக்கித்தான் பி.ஏ.எல். குவேசார்களின் சராசரி ரேடியோ கொஞ்சம் கூடுதல், அதிலும் லோபால் இன்னும் கூடுதல் என்று கண்டது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், ஃபர்ஸ்டில் இப்படி அடுக்கும்போது மங்கல் மூலங்களின் பிரகாசம் குறைவாகத்தான் வரும், அவர்களே அதை 1.4-ஆல் பெருக்கிச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறார்கள். இருபத்தைந்து குவேசார் அடுக்க மிகக் குறைவுதான், ஐந்து மடங்கு ஆழம்தான் கிடைக்கும், ஆனால் ஒரு மாலை வேலையில் கிடைக்கிறதே.

சர்வேயின் குறையை மறைக்க மாட்டேன், நானே விழுந்த குழி அது. சிவப்புப் பெயர்ச்சி (தூரம் கூடக் கூடக் கூடும் அளவு) 2-ல் ஒரு ஆர்க்செகண்ட் என்பது சுமார் 28,000 ஒளியாண்டு. 6 ஆர்க்செகண்டில் நம் பால்வீதி முழுதும் அடங்கி மிச்சமும் இருக்கும். உருவம் என்று எதுவும் தெரியாது, ஒரு பொட்டு. அதனால் வெவ்வேறு சர்வேயின் எண்களை வைத்துச் சரிவு எண் கணக்கிடத் தோன்றும். ஒரு குவேசாருக்கு ஃபர்ஸ்டில் 4 மில்லி ஜான்ஸ்கி, விஎல்ஏஎஸ்எஸ்-ன் முதல் சுற்றில் 3. சரிவு −0.38, தட்டை, ஜெட் நம்மைப் பார்க்கிறது, ஆகவே தட்டின் துருவத்திலிருந்து வரும் காற்று! இப்படி ஒரு பத்தியே எழுதிவிட்டேன். இரண்டாம் சுற்றுப் படத்தில் அதே குவேசார் 2.4. அதை வைத்துப் போட்டால் −0.67, சாதாரணச் செங்குத்து. ஃபர்ஸ்ட் பார்த்ததற்கும் விஎல்ஏஎஸ்எஸ் பார்த்ததற்கும் நடுவில் இருபது வருஷம், குவேசார் சும்மா இருக்குமா? 1.4-க்கும் 3-க்கும் இடையே இடைவெளி இவ்வளவு குறைவாக இருக்கும்போது 30 சதவீத ஏற்ற இறக்கம் சரிவு எண்ணை 0.34 நகர்த்திவிடும். அதே 30 சதவீதம் 144 மெகாஹெர்ட்ஸுக்கும் 1.4 கிகாஹெர்ட்ஸுக்கும் இடையே வெறும் 0.12. போதாக்குறைக்கு விஎல்ஏஎஸ்எஸ்-ன் அவசரப் படங்களில், முக்கியமாக முதல் சுற்றின் முதல் பாதியில், பிரகாசம் 10 சதவீத அளவில் குறைவாகவே பதிவாகியிருக்கும். அந்தப் பத்தியை அழித்தேன்.

இங்கேதான் இரண்டாவது வழி வருகிறது, சொந்தமாக நேரம் வாங்கி ஏறத்தாழ ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களில் பார்ப்பது. இதற்கு எனக்குப் பிடித்தது யூஜிஎம்ஆர்டி. புனேக்கு வடக்கே கோடாட்டில் 45 மீட்டர் கிண்ணங்கள் முப்பது. பதினான்கு நடுவில் நெருக்கமாக, பதினாறு மூன்று கைகளாக 25 கி.மீ. வரை விரிந்து. மேம்படுத்திய பிறகு 250–500, 550–850, 1050–1450 மெகாஹெர்ட்ஸ் என்று அகலமான பட்டைகள் கிடைக்கின்றன. சில மணி நேரத்தில் சில பத்து மைக்ரோ ஜான்ஸ்கி இரைச்சலுக்கு இறங்கிவிடலாம். ஆண்டெனாக்களைக் குழுவாகப் பிரித்து இரண்டு பட்டைகளை ஒரே நேரத்தில் பார்க்கவும் முடியும், ஆழம் கொஞ்சம் குறையும், ஆனால் குவேசார் நடுவில் மாறிவிட்டதோ என்ற தலைவலி கிடையாது. இந்த மூன்று பட்டையோடு கீழே லாட்ஸின் 144, மேலே விஎல்ஏ-யில் 5, 8, 15 கிகாஹெர்ட்ஸ் சேர்ந்தால் எங்கே உச்சம், எங்கே வளைவு, மேலே போகப் போக இன்னும் வேகமாகச் சரிகிறதா என்பதெல்லாம் முதல் தடவையாகக் கண்ணுக்குத் தெரியும். உச்சம் நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸில் இருந்தால் மூலத்தின் அளவையும் தோராயமாகச் சொல்லிவிடலாம், சிறிய மூலம் என்றால் உச்சம் மேலே, பெரியது என்றால் கீழே, இந்த உறவு நன்றாகவே நிறுவப்பட்டது. அதாவது விஎல்பிஐ படம் எடுக்காமலே அளவு பற்றி ஒரு பிடி கிடைக்கிறது.

தொல்லை இல்லாமல் இல்லை. தாழ் அதிர்வெண்ணில் மனிதர்கள் கிளப்பும் ரேடியோ குறுக்கீடு அதிகம், பட்டையில் ஒரு பகுதியை வெட்டியெறியத் தயாராக இருங்கள். அயனி மண்டலம் ரேடியோ அலையின் கட்டத்தை ஆட்டும், 250–500 பட்டையில் ஒரே வட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான மூலங்கள் தெரியும், அவற்றில் பிரகாசமான ஒன்று ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு உங்கள் குவேசாரின் மேல் கோடு கிழிக்கும். முதல் தடவை தரவைச் சுத்தம் செய்ய எனக்கு வாரக்கணக்கில் ஆனது. இப்போது கேப்சர், ஸ்பாம் மாதிரி தானியங்கி நிரல்கள் இருக்கின்றன, பாதி வலி போச்சு. 3சி 286, 3சி 48 போன்ற, பிரகாசம் முன்பே தெரிந்த அளவுகோல் மூலங்களை ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கட்டாயம் வையுங்கள், ஒன்று கெட்டுப்போனாலும் இன்னொன்று காப்பாற்றும்.

பழைய ஆய்வுகளில் சரிவு எண்ணை வைத்துக் கோணம் சொல்லப் பார்த்தவர்கள் உண்டு. 2011-ல் டிபாம்பியோ குழு 4.9, 8.4 கிகாஹெர்ட்ஸில் எழுபத்துச் சொச்சம் பி.ஏ.எல். குவேசார்களைப் பார்த்து, அவை சராசரியில் கொஞ்சம் செங்குத்து, ஆனால் மற்றக் குவேசார்களோடு பெரிதும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன என்றது. கோணம் ஓரளவுக்குப் பங்கு வகிக்கிறது, முழுக் காரணம் அது இல்லை, இதுதான் நியாயமான வாசிப்பு. நல்ல ஆய்வு, ஆனால் 4.9-க்கும் 8.4-க்கும் நடுவே இருக்கும் இடைவெளி சின்னது: இரண்டு புள்ளியிலும் 10 சதவீதப் பிழை என்றால் சரிவு எண்ணில் 0.26 பிழை. அதே பிழையோடு 144-லிருந்து 1400 வரை இழுத்தால் 0.06. தாழ் அதிர்வெண்ணை நான் விடாமல் பிடித்துத் தொங்குவது இதனாலும்தான்.

இப்போது விஎல்பிஐ. விஎல்பிஐக்கென்றே அமெரிக்கா வைத்திருக்கும் விஎல்பிஏ-யின் பத்து ஆண்டெனாக்கள் ஹவாயிலிருந்து செயின்ட் குரோய் வரை, அதிகபட்சம் 8,600 கி.மீ. 5 கிகாஹெர்ட்ஸில் ஒன்றரை மில்லி ஆர்க்செகண்ட் தெரியும், சிவப்புப் பெயர்ச்சி 2-ல் அது சுமார் 40 ஒளியாண்டு. இதனால் மட்டுமே செய்ய முடிந்தது ஒன்று உண்டு: 1 மில்லி ஜான்ஸ்கி அந்த அளவுக்குள் அடங்கிவிட்டால் பிரகாச வெப்பநிலை (வெறும் சூட்டாலேயே அந்தப் பிரகாசம் வர எவ்வளவு சூடு வேண்டும் என்ற கணக்கு) ஆறு கோடி கெல்வினைத் தாண்டும். விண்மீன் பிறப்பால் ஒரு லட்சம் கெல்வினுக்கு மேல் போக முடியாது. ஆக, இது கருந்துளையின் வேலை என்று முத்திரை குத்திவிடலாம், வேறு எந்தத் தொலைநோக்கியும் இவ்வளவு உறுதியாகச் சொல்லாது.

ஆனால் அதே விஎல்பிஏ-யில் மிகக் குறுகிய இடைவெளி சுமார் 240 கி.மீ. 5 கிகாஹெர்ட்ஸில் 50 மில்லி ஆர்க்செகண்டைவிடப் பரவலாக இருக்கும் எதுவும் அதன் கண்ணுக்கு இல்லவே இல்லை. சிவப்புப் பெயர்ச்சி 2-ல் அது 1,400 ஒளியாண்டு. வாயு மோதிக் கிளப்பும் ரேடியோ ஒருவேளை ஆயிரக்கணக்கான ஒளியாண்டுக்குப் பரவியிருந்தால், எதைத் தேடிப் போனோமோ அதையே வடிகட்டிக் கீழே ஊற்றிவிட்டு, மிச்சம் நின்ற ஜெட்டைப் படம் எடுத்து 'பார்த்தீர்களா, ஜெட் இருக்கிறது' என்கிறோம். பாத்திரத்தில் டீ இறங்கிப் போக, வடிகட்டியில் தூளைப் பிடித்து வைத்துக்கொண்ட கதை. இன்னொன்றும் உண்டு. இதற்குப் போதுமான பிரகாசம் உள்ளவை பி.ஏ.எல். கூட்டத்தில் சொற்பம், பெரும்பான்மை மில்லி ஜான்ஸ்கிக்குக் கீழே. விஎல்பிஐ மாதிரிகள் பத்து, இருபது என்று நின்றுபோவதும், அதிலும் ஓங்கி ஒலிக்கும் விதிவிலக்குகளே இருப்பதும் இதனால்தான்.

எம்ஆர்கே 231-ஐ மேற்கோள் காட்டி என்னோடு வாதாடுகிறவர்கள் உண்டு. சரியான மேற்கோள்தான். சிவப்புப் பெயர்ச்சி வெறும் 0.042, நம் வாசலில் இருக்கும் லோபால் குவேசார், விஎல்பிஏ-யில் அதன் குட்டி ஜெட்டை ஒளியாண்டுக் கணக்கில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், 2010-ல் கார்பன் மோனாக்சைடு கோட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 சூரிய நிறை வெளியேறுவதைக் கண்டார்கள், 21 செ.மீ. கோட்டில் நடுநிலை ஹைட்ரஜனும் பாய்கிறது. அத்தனையும் அது பக்கத்தில் இருப்பதால்! எஸ்டிஎஸ்எஸ்-ல் கார்பன் பள்ளம் தெரிய வேண்டுமென்றால் சிவப்புப் பெயர்ச்சி 1.5-க்கு மேலே போக வேண்டும், உங்கள் பட்டியல் அங்கே இருக்கிறது. சிவப்புப் பெயர்ச்சி 2-ல் 21 செ.மீ. கோடு 470 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நகர்ந்து யூஜிஎம்ஆர்டி பட்டைக்குள் விழும் என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உட்கவர் கோடு எடுக்கப் பின்னால் பலமான ரேடியோ விளக்கு வேண்டும், 2 மில்லி ஜான்ஸ்கி மெழுகுவத்தியில் ஒன்றும் நடக்காது. அது குளிர்ந்த வாயு, நம் பள்ளம் போடும் அயனி வாயு வேறு. அதனால் இந்த வழியையும், சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கியில் கார்பன் மோனாக்சைடு தேடுவதையும் தனித் திட்டமாக வையுங்கள், இதோடு கலக்க வேண்டாம்.

சர்வேயின் 6 ஆர்க்செகண்டுக்கும் விஎல்பிஐயின் மில்லி ஆர்க்செகண்டுக்கும் நடுவே ஒரு பெரிய காலியிடம் இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். லோஃபாரின் பன்னாட்டு நிலையங்களையும் சேர்த்துக்கொண்டால் 150 மெகாஹெர்ட்ஸில் 0.3 ஆர்க்செகண்ட் கிடைக்கும். பிரிட்டனின் இ-மெர்லின் 5 கிகாஹெர்ட்ஸில் 0.04 அளவுக்குப் போகும். சிவப்புப் பெயர்ச்சி 2-ல் இவை 8,000 ஒளியாண்டும் 1,100 ஒளியாண்டும். காற்று தன் விண்மீன் மண்டலத்தோடு மோதும் இடம் இந்த அளவில்தான் இருக்கும் என்றால், அங்கே பார்ப்பதுதானே முறை? லாட்ஸுக்காக எடுத்த பழைய தரவுகளிலேயே பன்னாட்டு நிலையங்களின் பதிவு பெரும்பாலும் உள்ளே கிடக்கிறது, மறுபடி பதப்படுத்த வேண்டும், கணினி நேரம் அசுரத்தனமாகத் தின்னும், ஆனால் விண்ணப்பக் குழுவிடம் போய் நிற்க வேண்டாம். பட்டியல் தெற்கு வானத்தில் இருந்தால் இந்தக் கதை அப்படியே மாறும்: லாட்ஸ் கிடையாது, ஆஸ்திரேலியாவின் ஆஸ்கேப் எடுத்த ராக்ஸ் சர்வேயும் தென்னாப்பிரிக்காவின் மீர்காட்டும்தான், இரண்டிலும் பிரிதிறன் சுமார்தான், யூஜிஎம்ஆர்டியின் மதிப்பு அங்கே இன்னும் கூடும்.

நாற்பது குவேசார் கொண்ட அந்தப் பட்டியல் என்னிடம் இருந்தால் செய்வது இதுதான். முதல் வாரம் மூன்று சர்வேயிலும் ஒட்டிப் பார்த்து, விஎல்ஏஎஸ்எஸ்-ன் எல்லாச் சுற்றுகளையும் தனித்தனியாக அளப்பேன். லாட்ஸில் தென்பட்டு மாறாமல் இருப்பவற்றில் பன்னிரண்டைப் பொறுக்கி, லோபால் பாதி ஹைபால் பாதியாக, அதே சிவப்புப் பெயர்ச்சியும் அதே ஒளியியல் பிரகாசமும் உள்ள பள்ளமில்லாக் குவேசார் பன்னிரண்டையும் சேர்த்து யூஜிஎம்ஆர்டிக்கு விண்ணப்பம். இந்த இரண்டாவது பன்னிரண்டை நேரம் மிச்சம் என்று வெட்டிவிடத் தோன்றும், வெட்டினால் பி.ஏ.எல். குவேசாரில் கண்டது குவேசார் எல்லாவற்றிலும் உண்டா என்று கேட்கும் முதல் ஆளுக்கே பதில் இருக்காது. மூலத்துக்கு ஒரு பட்டையில் ஒரு மணி நேரம், இரண்டு பட்டை, அளவுகோல் மூலங்களுக்கும் ஆண்டெனா திரும்புவதற்கும் கால் பங்கு கூடுதல்: அறுபது மணி நேரம். விஎல்பிஐ அந்த விண்ணப்பத்தில் கிடையாது. மாறிக்கொண்டே இருந்தது என்று ஒதுக்கி வைத்த குவேசார்களில் பிரகாசமான ஒன்றிரண்டுக்கு மட்டும் அதைத் தனியாகக் கேட்பேன். அங்கேதான் ஜெட் நம்மைப் பார்க்கிறதா என்ற கேள்வி உயிரோடு இருக்கிறது, அங்கே பரவலான ரேடியோ வடிந்து போனாலும் எனக்குக் கவலையில்லை.